காலி ரோடு, பாதுகாப்பான ரோடா?

2020 மார்ச் 25 ஞாபகம் இருக்கா? நாடு முழுக்க ஊரடங்கு. வண்டியே ஓடலன்னா விபத்து எங்கிருந்து வரும்னுதான் நானும் நினைச்சேன்.

அரசு அப்போ வெளியிட்ட கணக்கு இது. 2019-ல் 4,49,002 விபத்துகள், 1,51,113 மரணங்கள். 2020-ல் 3,66,138 விபத்துகள், 1,31,714 மரணங்கள். ரெண்டுமே குறைஞ்சிருக்கு, நல்ல விஷயம். ஆனா ஒண்ணை இன்னொண்ணால வகுத்துப் பாருங்க. (நம்பரைப் பார்த்தா கை சும்மா இருக்காது, பார்க்குற வேலை அப்படி.) 100 விபத்துக்கு 33.7 பேர் இறந்துட்டு இருந்தது, 36 ஆகியிருக்கு. மோதுறது குறைஞ்சது, மோதினா பிழைக்கிறது கஷ்டமாச்சு. நாம தினமும் திட்டுற டிராஃபிக்தான் வேகத்தையும் பிடிச்சு வெச்சிருந்துச்சோன்னு எனக்குத் தோணுது.

இன்னொரு பக்கமும் இருக்கு. அந்த மே மாசம், ராத்திரி 7 மணியிலிருந்து காலை 7 வரை யாரும் வெளிய வரக்கூடாதுன்னு உத்தரவு. நகரத்துல வேலை போனவங்க, வாடகை கொடுக்க முடியாதவங்க, அந்த ராத்திரிகள்லயும் ஊருக்குப் போய்க்கிட்டேதான் இருந்தாங்க. பஸ், ரயில் கிடைக்காதவங்க நடந்தாங்க, இல்லன்னா கிடைச்ச லாரியில ஏறினாங்க. மே 16 விடியறதுக்கு முன்னாடி, உத்தரப் பிரதேசத்தின் ஔரையா பக்கம், டீக்கடை ஓரமா நின்னுட்டிருந்த வண்டி மேல ஒரு லாரி மோதுச்சு. ரெண்டுலயும் ஊர் திரும்புற தொழிலாளர்கள். குறைந்தது 24 பேர் இறந்தாங்க.