தண்ணீர் ஓடினால் மட்டும் போதுமா?

 

போன மாதம் ஒரு ராத்திரி என் மகன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். வீடியோ எடிட்டிங் அவன் தொழில். பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிய கணினி, தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் வகை. மறுநாள் காலை ஒரு கல்யாண வீடியோ கொடுக்க வேண்டும். வேலையைத் தொடங்கினால் பிராசஸர் 97 டிகிரிக்குப் போய், தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. "பிராசஸர் போயிடுச்சுப்பா, புதுசுதான் வாங்கணும்" என்றான். விலை என் ஒரு மாதப் பென்ஷனுக்கு மேல்.

எனக்குக் கணினி ரிப்பேர் தெரியாது. ஆனால் கணினிகளின் வரலாறு படிக்கப் பிடிக்கும். அதுதான் அன்று கை கொடுத்தது.

1946-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறிமுகமான எனியாக் கணினியில் ஏறக்குறைய 18,000 வால்வுகள். சுமார் 150 கிலோவாட் மின்சாரம் இழுத்தது. அத்தனையும் வெப்பமாக மாறும். பெரிய மின்விசிறிகளை வைத்து ஊதித்தான் சமாளித்தார்கள்.

சிப்புகள் நெருக்கமாக அடுக்கப்பட்டபோது காற்று போதவில்லை. 1980-இல் ஐபிஎம் நிறுவனம் 3081 என்ற பெரிய கணினியை அறிவித்தது. கையகலப் பெட்டி ஒன்றுக்குள் 100-க்கும் மேற்பட்ட சிப்புகள். பெட்டியின் மேல் குளிர்ந்த நீர் ஓடும் தகடு. ஆனால் தகட்டை அப்படியே மேலே வைத்துவிடவில்லை. சிப்புகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்காது, நடுவே இடைவெளி விழும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு சிப்பின் முதுகையும் ஸ்பிரிங் வைத்த ஓர் அலுமினிய பிஸ்டன் அழுத்திக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த இடுக்குகளில் ஹீலியம் வாயு. அது காற்றைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும்.

1985-இல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரில் இந்த இடைவெளிப் பிரச்சினையே இல்லை. மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் சர்க்யூட்டுகளையே மூழ்கடித்துவிட்டார்கள்.

1990-களில் குறைந்த மின்சாரம் போதும் என்ற சிமாஸ் சிப்புகள் வந்ததும், பெரிய கணினிகள் மறுபடி காற்றுக்குத் திரும்பின. வேகம் ஏற ஏற வெப்பமும் ஏறியது. 2008-இல் ஐபிஎம்மின் பவர் 575 கணினிக்குள் மீண்டும் தண்ணீர் வந்தது. இதற்கிடையே ஆர்வமுள்ள இளைஞர்கள் மீன் தொட்டி பம்ப்பையும் கார் ஹீட்டரின் ரேடியேட்டரையும் கணினியோடு இணைத்து வீட்டிலேயே இதைச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். என் மகனின் கணினி அந்த வழியில் வந்ததுதான்.

இத்தனையிலும் நான் கண்ட பாடம் ஒன்று. தண்ணீர் வெப்பத்தை அழிப்பதில்லை, சுமந்துபோகிறது. சுமை தண்ணீரில் ஏறவே இல்லை என்றால் தண்ணீர் ஓடி என்ன பயன்?

மகனிடம், "குழாயைத் தொட்டுப் பார்" என்றேன். சூடே இல்லை. தண்ணீரும் சூடாகியிருந்தால் ரேடியேட்டரில் தூசியா, ஃபேன் நின்றுவிட்டதா என்று பார்க்கலாம். இங்கே அதற்கு வேலையில்லை. பம்ப் நின்றதா? தொட்டியில் தண்ணீர் நன்றாகவே சுழன்றுகொண்டிருந்தது. அப்படியானால் பிராசஸருக்கும் தகட்டுக்கும் நடுவில்தான் கோளாறு. "கடைசியா எப்பப்பா கழற்றினே?" "போன வாரம், சுத்தம் பண்ண."

கரண்ட்டை நிறுத்திவிட்டுத் தகட்டைக் கழற்றினான். இடையில் தடவும் பேஸ்ட் ஒரு பக்கம் மட்டுமே நசுங்கியிருந்தது. ஒரு ஸ்க்ரூ முழுதாக இறங்காததால் தகடு சாய்ந்து நின்றிருக்கிறது. துடைத்து, புது பேஸ்ட் வைத்து, நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றிச் சமமாக முடுக்கினான். அதே வேலைக்கு 71 டிகிரி. விடிவதற்குள் வீடியோ தயார்.

ஹீலியமும் ஸ்பிரிங்கும் அன்று செய்த வேலையைத்தான் இன்று ஒரு சொட்டுப் பேஸ்ட்டும் நான்கு ஸ்க்ரூவும் செய்கின்றன. உங்கள் பிள்ளைகள் "பிராசஸர் போச்சு" என்றால் பர்ஸைத் திறக்காதீர்கள். முதலில் குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.