சிவப்புக் கச்சையும் ஒரு பெண்மணியின் கண்ணியமும்

வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால் பார்வை முதலில் யார்மீது திரும்புகிறது? பெரும்பாலும் அங்கே பணிபுரிபவர் மீது. அல்லது முன்பு பணிபுரிந்து விலகியவர் மீது. பொருள் அற்பமானதாக இருக்கலாம். பழி அற்பமானதன்று, அடுத்த வேலை தேடிச் செல்லும் இடத்திற்கும் அது முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடும். அத்தகைய பழிக்கு ஆளான ஒரு பெண்மணியின் வரலாற்றை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இமாம் புகாரி (ஹிஜ்ரி 194–256) அதைத் தம் ஸஹீஹில் 439-ஆம் ஹதீஸாகப் பதிவு செய்துள்ளார்கள்.

அப்பெண்மணி கறுப்பு நிறத்தவர்; ஓர் அரபுக் குலத்தாரிடம் அடிமையாக இருந்தவர். அவருடைய பெயரோ அக்குலத்தின் பெயரோ அந்த அறிவிப்பில் இல்லை. அவர்கள் அவரை விடுதலை செய்துவிட்டனர். எனினும் அவர் அவர்களுடனேயே தங்கியிருந்தார். குலத்தின் பாதுகாப்பின்றி வாழ்வது அரிதான அக்கால அரபுலகில், விடுதலை பெற்ற அடிமைக்குப் போக்கிடம் எளிதில் வாய்த்திராது. உரிமையால் அவர் சுதந்திரமானவர். அவர்களது கண்ணிலோ இன்னும் பழைய பணிப்பெண்தான் என்பதை அடுத்து நடந்தது காட்டிவிட்டது.

அக்குலத்துச் சிறுமி ஒருத்தி சிவப்புத் தோல்வார்களால் ஆன கச்சை ஒன்றை அணிந்து வெளியே சென்றாள். தோளிலிருந்து விலாப்புறமாகக் குறுக்கே அணியும் அதனை அரபியர் 'விஷாஹ்' என்பர். அதை அவள் கழற்றி வைத்தாளோ, அது நழுவி விழுந்ததோ, தரையில் கிடந்தது. மேலே பறந்த பருந்து அதை இறைச்சித் துண்டு என எண்ணிக் கவ்விச் சென்றது. தேடினார்கள், கிடைக்கவில்லை. உடனே பழி அப்பெண்மணி மீது விழுந்தது. கண்டவர் இல்லை, சான்று இல்லை. அவரைச் சோதனையிட்டார்கள், மறைவிடத்தையும் விட்டுவைக்கவில்லை.

அவர்கள் நடுவே அவர் நின்றுகொண்டிருந்தபோதே அந்தப் பருந்து திரும்ப வந்து கச்சையைக் கீழே போட்டது. அது அவர்களிடையே விழுந்தது. நீங்கள் என்மீது சுமத்திய பழிக்குரிய பொருள் இதோ கிடக்கிறது, நான் நிரபராதி என்று அவர் சொன்னார். அவர்கள் வருந்தியதாகவோ மன்னிப்புக் கோரியதாகவோ ஹதீஸில் ஒரு சொல்லும் இல்லை.

அவர் அங்கிருந்து புறப்பட்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து இஸ்லாத்தைத் தழுவினார். பள்ளிவாசலிலேயே அவருக்கென ஒரு சிறு கூடாரம் இருந்தது. இமாம் புகாரி இதைப் பள்ளிவாசலில் பெண் உறங்குவது பற்றிய பாடத்தில் வைத்துள்ளார்கள். மற்றோர் அறிவிப்பை அறியாமைக் கால நிகழ்வுகளின் பாடத்தில் சேர்த்துள்ளார்கள். உடல் சோதனையிடப்பட்டு அவமதிக்கப்பட்ட ஒருவருக்கு அச்சமின்றி உறங்க ஓரிடம் கிடைத்தது என்பதையே நான் இதில் பெரிதாகக் காண்கிறேன். ஆயிஷா (ரலி) அவர்களிடம் பேச வந்து அமரும்போதெல்லாம் அந்தக் கச்சை நாளைப் பற்றிய கவிதையடி ஒன்றை அவர் சொல்லாமல் இருந்ததில்லை. அதன் காரணத்தை அன்னையவர்கள் வினவியதால்தான் இவ்வரலாறு நமக்குக் கிடைத்தது.

எல்லோருக்கும் பருந்து திரும்பி வருவதில்லை. அதனால்தான் ஆதாரம் காட்டும் பொறுப்பை வழக்குத் தொடுப்பவர் மீதும், மறுப்பவருக்குச் சத்தியம் செய்யும் வழியையும் நம் மார்க்கச் சட்டம் வைத்தது. இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்கு அபூதாவூதில் (எண் 4382) ஒரு நிகழ்ச்சி உண்டு. கலாஇய்யீன் எனப்படும் குலத்தாரின் பொருள் களவு போயிற்று. அவர்கள் சில நெசவாளர்கள் மீது குற்றம் சாட்டி, நபித்தோழர் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களிடம் கொண்டு வந்தனர். கூஃபாவிலும் ஹிம்ஸிலும் ஆளுநராக இருந்தவர் அவர். அந்நெசவாளர்களைச் சில நாட்கள் தடுத்து வைத்து, பின்னர் விடுவித்துவிட்டார்கள். அடிக்காமலும் விசாரித்து வாங்காமலும் விட்டுவிட்டீர்களே எனப் புகார் கூறியவர்கள் குறைபட்டனர்.

விரும்பினால் அடிக்கிறேன், பொருள் வெளிப்பட்டால் சரி, இல்லையேல் அவர்கள் முதுகில் விழுந்த அளவு உங்கள் முதுகிலும் விழும் என்றார்கள் நுஃமான் (ரலி). இது உங்கள் தீர்ப்பா என்று கேட்டதற்கு, அல்லாஹ்வும் அவன் தூதரும் அளித்த தீர்ப்பு என்று பதில் வந்தது. அவர்களை அச்சுறுத்தவே நுஃமான் (ரலி) இவ்வாறு கூறினார்கள் என்றும், ஒப்புதல் வந்த பின்னரே அடி என்பது அதன் பொருள் என்றும் இமாம் அபூதாவூத் அதன் கீழே குறித்து வைத்துள்ளார்கள்.