இருபத்தைந்து நாடுகளின் ஒரு குரல்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வெளிநாட்டு, பாதுகாப்புக் கொள்கையால் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் இருக்கிற நமக்கு என்ன வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. 2006 மே 29ஐ அவர்கள் மறந்துவிட்டார்கள். ஒன்றியத்தின் 25 நாடுகளும் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்த நாள் அது.

மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையோடு 1993இல் நடைமுறைக்கு வந்த இந்தக் கொள்கைக்கு ஒருமனதுதான் அடிப்படை. 2003இல் ஈராக் விடயத்தில் பிரித்தானியாவும் ஸ்பெயினும் ஒரு பக்கம், பிரான்சும் ஜேர்மனியும் மறுபக்கம் நின்றதால் ஒன்றியத்துக்கு வாயே திறக்கவில்லை. இலங்கை விடயத்தில் திறந்தது.

காரணமில்லாமல் திறந்தது என்று சொல்லமாட்டேன். 2005 ஓகஸ்டில் இலங்கை வெளிநாட்டமைச்சர் கதிர்காமர் கொலை. 2006 மே 11இல் யுத்த நிறுத்தக் கண்காணிப்பாளர்களும் ஏறியிருந்த இலங்கைக் கடற்படைத் தொடரணிமீது கடற்புலிகளின் தாக்குதல். ஆனால் விளைவை யார் கணக்குப் பார்த்தார்கள்? யுத்த நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் இருந்தவை ஐந்து நாடுகள்: நோர்வே, ஐஸ்லாந்து, சுவீடன், டென்மார்க், பின்லாந்து. கடைசி மூன்றும் ஒன்றியத்தின் உறுப்பினர்கள். தங்களைத் தடைசெய்தவர்களை நடுவராக ஏற்கமுடியாது என்றார்கள் புலிகள். குழுவின் தலைவர் உல்ப் ஹென்றிக்சன் சுவீடன்காரர். தடை பிழை என்று பகிரங்கமாகவே சொன்னவர். அவரும் போகவேண்டியதாயிற்று. மாவிலாற்றில் சண்டை மூண்டு, மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்ட அந்த ஓகஸ்ட் மாதத்தில்தான் மூன்று நாட்டவரும் பெட்டி கட்டினார்கள். சாட்சிகள் மிக வேண்டியிருந்த நேரம் அது.

2014இல் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்தப் பட்டியலிடலை நடைமுறைக் குறைபாட்டால் இரத்துச்செய்தது: அதிகாரிகளின் தீர்மானங்களைவிடப் பத்திரிகை, இணையச் செய்திகளையே நம்பியிருந்தார்களாம்! எட்டு வருடம் பிந்திய ஞானம்.

வர்த்தகத்தில் கதை வேறு. அங்கே ஒருமனது தேவையில்லை, பெரும்பான்மை போதும். மனித உரிமைக் காரணத்துக்காக 2010 ஓகஸ்டில் இலங்கையின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை நிறுத்தப்பட்டது. 2017 மே மாதத்தில் திரும்பக் கிடைத்தது. கொழும்பு காதுகொடுத்தது இந்த மொழிக்குத்தான் என்பது என் கணிப்பு.

அவுஸ்திரேலியா தனிவழி போனது. 2001 முதல் ஐ.நா. சாசனச் சட்டத்தின்கீழ் புலிகள்மீது பணத்தடை இருந்தது. குற்றவியல் சட்டக்கோவையின் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் மட்டும் புலிகளைச் சேர்க்கவில்லை. 2007இல் மெல்பேர்ணிலும் சிட்னியிலும் கைதான மூவர்மீதான பயங்கரவாதக் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன; புலிகளுக்குப் பணம் கொடுத்த குற்றத்துக்கு 2010இல் விக்டோரியா உச்ச நீதிமன்றம் அவர்களை நன்னடத்தைப் பிணையில் விடுவித்தது.

2017இல் கைச்சாத்தான ஒன்றிய–அவுஸ்திரேலியக் கட்டமைப்பு உடன்படிக்கை 2022 ஒக்ரோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டு, பாதுகாப்பு விடயங்களில் இரு தரப்பும் கலந்து பேசவேண்டும் என்கிறது அது. ஆகவே நமது சங்கங்கள் கன்பராவுக்கு எழுதும் மனுவிலே ஐரோப்பாவுடன் பேசும்படியும் கேட்கலாம். ஐரோப்பாவுக்கு நேரடியாக எழுதுவதானால் ஒன்று மட்டும் கவனியுங்கள்: வர்த்தகம் என்றால் பிரசெல்சுக்கு எழுதுங்கள், தடை என்றால் ஒன்றியத்தின் இன்றைய 27 தலைநகரங்களுக்கும் எழுதுங்கள்.