அமுக்கத்துக்கு இலகுவில் இணங்காத ஸ்பினல்

இரத்தினபுரியின் சரளைப் படைகளிலிருந்து நீலக்கல்லோடும் வைடூரியத்தோடும் ஒருசேர அகழ்ந்தெடுக்கப்படும் கற்களுள் ஸ்பினலும் ஒன்றாகும். சிவப்பு ஸ்பினல் பன்னெடுங்காலம் ரூபியின் பெயரிலேயே கைமாறி வந்தது. பிரித்தானிய முடியை அலங்கரிக்கும் ‘கறுப்பு இளவரசரின் ரூபி’யும் உண்மையில் ஸ்பினலே. பதக்ஷானின் இச்சிவப்புக் கற்கள் ரூபியினின்றும் வேறானவை என்பதைப் பதினோராம் நூற்றாண்டிலேயே அறிஞர் அல்பிரூனி அறிந்திருந்தார். சந்தையில் இரண்டாம் இடத்தையே பெற்றுவந்த இக்கல்லுக்குப் புவியின் உட்பகுதியை ஆராய்வோர் அளிக்கும் இடமோ மிக உயர்ந்தது.

ஸ்பினல் என்பது ஒரு கல்லின் பெயர் மாத்திரமன்று. ஒரு பளிங்கு அமைப்பின் பெயருமாகும். 1915 இல் பிரித்தானியாவில் பிராக்கும் ஜப்பானில் நிஷிகாவாவும் இவ்வமைப்பைத் தனித்தனியே கண்டறிந்தனர். நெருக்கமாக அடுக்கப்பட்ட ஒட்சிசன்களிடையே உள்ள வெளிகளில் உலோக அணுக்கள் அமர்கின்றன. நான்கு ஒட்சிசன்களால் சூழப்பட்ட வெளி நான்முகி எனவும், ஆறினால் சூழப்பட்டது எண்முகி எனவும் வழங்கும். முன்னையதில் மக்னீசியமும் பின்னையதில் அலுமினியமும் அமர்ந்தால் அது இரத்தினக்கல். இரண்டிலும் இரும்பே அமர்ந்தால் அது காந்தக்கல்லாகிய மக்னடைட்டு. குரோமியம் சேர்ந்தால் குரோமைட்டு. இயற்கையில் கிடைப்பவை பெரும்பாலும் இவற்றின் கலப்புகளே.

இக்கனியங்கள் எவ்வளவு அமுங்கும்? வைர முனைகள் இரண்டுக்கிடையே ஒரு மில்லிமீற்றரிலும் மிகச் சிறிய பளிங்குத் துணுக்கை வைத்து நெருக்கி, எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அளவிடுகின்றனர். அமுக்கத்தை அளக்க அருகில் வைக்கப்படுவது பெரும்பாலும் ஒரு ரூபித் துணுக்கு என்பது சுவையான செய்தி. 1986 இல் பிங்கர், ஹேசன், ஹொப்மைஸ்டர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்படி, அமுக்கத்துக்கு எதிரான விறைப்பைக் குறிக்கும் பருமன் குணகம் ஸ்பினலுக்கு 194 கிகாபாஸ்கல், மக்னடைட்டுக்கு 186. உருக்குக்கு இது ஏறத்தாழ 160 மாத்திரமே. வளிமண்டல அமுக்கத்தின் 10,000 மடங்கைப் பிரயோகித்தாலும் ஸ்பினலின் கனவளவு நூற்றுக்கு அரைப் பங்களவே குறையும்.

மக்னீசியத்தின் இடத்தையும் அலுமினியத்தின் இடத்தையும் இரும்பு பிடித்துக்கொண்ட போதிலும் விறைப்பு பெரிதாக மாறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆயினும் உள்ளே நிகழ்வது ஒன்றல்ல. இவ்வமைப்பில் ஒட்சிசனின் நிலையை ஒரேயோர் எண் தீர்மானிக்கிறது. இரத்தினக்கல்லில் அமுக்கத்தோடு அவ்வெண் குறைகிறது. அதாவது மக்னீசியம் அமர்ந்த நான்முகியே முதலில் விட்டுக்கொடுக்கிறது. மக்னடைட்டில் அது மாறுவதேயில்லை; இருவகை வெளிகளும் சமமாகச் சுருங்குகின்றன. நிக்கல் சிலிக்கேற்று ஸ்பினலிலோ அது கூடுகிறது; சிலிக்கன் அமர்ந்த நான்முகி அசைந்து கொடுக்காமையால் சுமை முழுவதும் எண்முகியின் மீது விழுகிறது.

இவ்வேறுபாடு ஆய்வுகூடத்தோடு முடிந்துவிடும் விடயமன்று. புவியின் உள்ளே சுமார் 520 முதல் 660 கிலோமீற்றர் வரையான ஆழத்தில் முதன்மைக் கனியமாக விளங்கும் ரிங்வுடைட்டு, ஸ்பினல் அமைப்பைக் கொண்ட மக்னீசியம் சிலிக்கேற்றாகும். அவ்வாழத்தை எவரும் துளையிட்டு அடைந்ததில்லை. பூமியதிர்ச்சி அலைகளின் வேகமே நமக்குக் கிடைக்கும் சான்று. அவ்வேகத்துக்குப் பொருள் கூறுவதற்கோ கனியங்களின் விறைப்பும் அடர்த்தியும் தெரிந்திருக்க வேண்டும். 2014 இல் பிரேசில் வைரமொன்றினுள் சிக்கியிருந்த ரிங்வுடைட்டுத் துணுக்கில் நூற்றுக்குச் சுமார் 1.5 வீத நீர், பளிங்கோடு பிணைந்த நிலையில் காணப்பட்டது. நீர் கலந்த ரிங்வுடைட்டு உலர்ந்ததைவிட இலகுவாக அமுங்கும். எனினும் அமுக்கம் கூடக் கூட அலைவேக வேறுபாடு சுருங்கி விடுவதால், அலைகளை மாத்திரம் கொண்டு ஆழத்து நீரைக் கணக்கிடுதல் எளிதன்று.

இரத்தினக்கல்லான ஸ்பினலின் உறுதிக்கும் எல்லையுண்டு. உயர் வெப்பநிலையில் அமுக்கம் சுமார் 15 கிகாபாஸ்கலை எட்டும்போது அது மக்னீசியம் ஒட்சைட்டாகவும் குருந்தமாகவும் பிரிந்துவிடுகிறது. நீலக்கல்லும் ரூபியும் அந்தக் குருந்தத்தின் நிற வேறுபாடுகளே.