வூபர்ன் நகரத்துக் கிணறுகள்

அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில், பாஸ்டனுக்கு வடக்கே சுமார் பத்து மைல் தூரத்திலுள்ள வூபர்ன் என்னும் ஊர், பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் தோல் பதனிடும் தொழிலால் ஜீவித்து, 1853ஆம் ஆண்டு முதல் ரசாயனத் தொழிலையும் சேர்த்து வளர்த்துக்கொண்ட ஊர். அதனூடே அபர்ஜோனா என்ற சிற்றாறு ஓடுகிறது. தொழிற்சாலைகளுக்கு ஜலம் தந்ததும் அவற்றின் கழிவை ஏற்றுக்கொண்டதும் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்குதான். லாபத்துக்குக் கணக்கேடு இருந்தது. மண்ணில் கொட்டியதற்கு எவரும் கணக்கு வைக்கவில்லை.

ஆதிகாலத்துப் பனிப்பாறைகள் உருகியபோது அடித்துவந்த மணலும் சரளையும் அப்பள்ளத்தாக்கின் அடியில் ஆழமாகப் படிந்திருந்தமையால், அங்கே துளையிட்டால் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் என்பது பொறியாளர் அறிந்த விஷயம். அந்தத் தண்ணீர் குடிநீருக்கு உதவாதபடி மாசுபட்டது என்று நகரசபை அமர்த்திய நிபுணர்கள் 1958லேயே எச்சரித்தும் இருந்தார்கள். ஆயினும் ஜனத்தொகை பெருகித் தண்ணீர்த் தேவை அதிகமானபோது, அந்த அபிப்பிராயம் அலமாரியில் கிடக்க, 1964ல் 'ஜி' என்ற கிணறும் 1967ல் 'எச்' என்ற கிணறும் அவ்விடத்திலேயே தோண்டப்பட்டன. ஊரின் கிழக்குப் பகுதியில் இருந்த குடும்பங்கள், தண்ணீரின் ருசியும் வாசனையும் சகிக்கவில்லை என்று அடிக்கடி முறையிட்டார்கள். குடிக்கத் தகுந்த நீரே என்று அதிகாரிகள் சமாதானம் சொல்லி வந்தார்கள்.

1979 மே மாதத்தில் ஆற்றோரத்துக் காலி நிலமொன்றில் 184 பீப்பாய்கள் கேட்பாரற்றுக் கிடக்கக் கண்டு, அவற்றிலிருந்து ஏதேனும் கசிந்திருக்குமோ என்ற சந்தேகத்தினால் அண்மையிலிருந்த இரண்டு கிணறுகளையும் மாகாண அதிகாரிகள் பரிசோதித்தபோது, 'ஜி' கிணற்றில் நூறு கோடிப் பங்கு நீருக்கு 267 பங்கு டிரைக்ளோரோஎதிலீன் கலந்திருந்தது. கிணறுகள் உடனே மூடப்பட்டன. ஆனால் அந்தப் பீப்பாய்களுக்கும் கிணற்று விஷத்துக்கும் சம்பந்தமில்லை என்பது பின்னர் தெரிந்தது. உண்மையை வெளிக்கொணர்ந்தது ஒரு தவறான சந்தேகம்! இதற்கிடையே, அவ்வூர்க் குழந்தைகளில் ரத்தப்புற்றுநோய் கண்டவர் தொகை இயல்புக்கு மேற்பட்டது என்று தாய்மார் கொண்டிருந்த ஐயத்தை 1981ல் அரசாங்கச் சுகாதார ஆய்வும் ஊர்ஜிதம் செய்தது.

டிரைக்ளோரோஎதிலீன், எண்ணெய்ப் பிசுக்கையும் கிரீஸையும் எளிதில் கரைத்துவிட்டுத் தானும் ஆவியாகிவிடும் திரவமாகையால், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயந்திரப் பட்டறைகளுக்கு ஒரு வரப்பிரசாதமாகவே இருந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பெர்க்ளோரோஎதிலீன் உலர்சலவைக்கு உதவியது. காற்றில் போய்விடும் பொருள்தானே என்று மிச்சத்தைப் பல இடங்களில் மண்ணில் ஊற்றினார்கள். மண்ணுக்குள் இறங்கிவிட்ட கரைப்பானோ, தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானதாகையால், நிலத்தடி நீர்மட்டத்தையும் கடந்து கீழே சென்று, பாறைப் பிளவுகளில் தங்கி, அங்கிருந்து பல பத்தாண்டுகள் சிறிது சிறிதாக நீரில் கரைந்துகொண்டேயிருக்கும். ஊற்றியவன் மறந்த பிறகும், ஏன், ஊற்றியவன் மறைந்த பிறகும், அந்தக் காரியம் நடந்துகொண்டிருக்கும்.

மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், அப்பிரதேசமெங்கும் சோதனைக் கிணறுகளைத் துளைத்து, ஒவ்வொன்றிலும் நீர்மட்டத்தை அளந்து ஓட்டத்தின் திசையைக் கணித்து, வெவ்வேறு ஆழங்களில் நீர் எடுத்துச் சோதித்து, விஷம் மிகுந்து காணும் திக்கை நோக்கிப் படிப்படியாகப் பின்சென்றது. வடகிழக்கில் கிரேஸ் கம்பெனியின் இயந்திரத் தொழிற்சாலையும் யூனிஃபர்ஸ்ட் என்ற சீருடைச் சலவைக் கம்பெனியும் தென்பட்டன. ஆற்றுக்கு மேல்கரையில் பியாட்ரிஸ் கம்பெனியைச் சேர்ந்த தோல் தொழிற்சாலையின் 15 ஏக்கர் நிலம். கிணறுகளோ கீழ்கரையில் இருந்தன. ஆற்றைத் தாண்டி அக்கரை விஷம் இக்கரைக் கிணற்றுக்கு வருமா? இதை அறிய, 1985 டிசம்பர் முதல் 1986 ஜனவரி வரை மத்தியப் புவியியல் ஆய்வுத் துறை இரண்டு கிணறுகளையும் முப்பது நாள் இடைவிடாமல் இறைத்துப் பார்த்தது. அக்கரையிலும் நீர்மட்டம் தாழ்ந்தது. ஆற்றுநீரும் கணிசமாகக் குறைந்தது.

ரத்தப்புற்றுநோயால் பாதிக்கப்பட்ட எட்டுக் குடும்பங்கள் 1982ல் தொடுத்து, இக்கம்பெனிகளைப் பிரதிவாதிகளாகக் கொண்ட வழக்கு, 1986ல் பாஸ்டன் மத்திய நியாயஸ்தலத்தில் நீதிபதி வால்டர் ஸ்கின்னர் முன்னிலையில் நடந்தது. யூனிஃபர்ஸ்ட் முன்பே சமரசம் செய்துகொண்டது. கிணறுகள் மேல்கரை நீரை இழுக்கின்றன என்று வாதிகளுக்காகச் சாட்சி சொன்ன பிரின்ஸ்டன் பேராசிரியர் ஜார்ஜ் பிண்டர், ஆறு இழந்த நீருக்கு விளக்கம் சொல்ல நேர்ந்தபோது குறுக்கு விசாரணையில் தடுமாறினார். ஜூரிகளிடம் கேட்கப்பட்டதோ, இந்த ரசாயனம் இந்தக் கிணற்றை எந்த வருஷத்தில், எந்த மாதத்தில் வந்தடைந்தது என்ற கேள்வி! திசையையும் வேகத்தையும் ஓரளவு காட்டக்கூடிய நிலத்தடி நீரிடம் மாதத்தையும் வருஷத்தையும் எதிர்பார்த்தது நீதி சாஸ்திரத்துக்கு அவசியமாயிருக்கலாம். இயற்கையின் சுபாவத்துக்கு அது பொருந்துவதன்று. பியாட்ரிஸ் விடுபட்டது. கிரேஸ் பொறுப்பாளி என்று தீர்ப்பாகி, பின்னர் அக்கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 80 லட்சம் டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது.

ஆனால் சுத்திகரிப்புக்காக 1991ல் ஏற்பட்ட 694 லட்சம் டாலர் உடன்படிக்கையில், ஜூரிகள் விடுவித்த பியாட்ரிஸும் பங்கேற்க வேண்டியதாயிற்று. ஒரே மண்ணைப் பற்றி இரண்டு அதிகார பீடங்கள் இரண்டு முடிவுகளுக்கு வந்ததற்குக் காரணம், ஒன்று காலத்தை நிரூபிக்கக் கேட்டது, மற்றது மாசின் இருப்பையே போதுமான ஆதாரமாகக் கொண்டது என்பதுதான். கிணறுகள் மூடப்பட்ட வருஷத்தில் குடிநீரில் டிரைக்ளோரோஎதிலீனுக்கென ஒரு மத்திய வரம்பே கிடையாது. 1987ல்தான் நூறு கோடிக்கு 5 பங்கு என்று விதித்தார்கள். 1980ல் பிறந்த 'சூப்பர்ஃபண்ட்' சட்டம் நிலத்தின் தற்கால உரிமையாளரையும் பொறுப்பாளியாக்கியதால், இன்று அமெரிக்காவில் வணிக மனை வாங்க நினைப்பவர், விற்பவனின் பத்திரத்தில் வில்லங்கம் பார்ப்பதுபோலவே, அம்மனையில் முன்பு சலவைக்கடை இருந்ததா, பட்டறை இருந்ததா என்று பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் தேடி விசாரிக்கிறார். நிலத்தின் சரித்திரத்தைப் படிக்காமல் அதன் விலையைப் பேசுவது அங்கே நஷ்டத்துக்கே வழி.