வளரியும் இடுப்புக் கத்தியும் – மேலூர்ச் சீமையின் ஆயுத வரலாறு

திருவிழாத் தகராறு, வரப்புச் சண்டை, பாகப்பிரிவினைப் பகை... இப்படி ஏதாவது வந்துவிட்டால், "கையில ஒண்ணு இருந்தா ஒரு தைரியம். பொண்டாட்டி புள்ளையக் காப்பாத்தணும்ல" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கொட்டாம்பட்டி, மேலூர்ப் பக்கமும் உண்டு. இவர்கள் துணைக்கு அழைப்பது பெரும்பாலும் வரலாற்றைத்தான். "நம்ம பாட்டன் பூட்டன் ஆயுதம் இல்லாம வெளியே போனதில்லை" என்பார்கள்.

அது பெருமளவு உண்மைதான். ஆனால் அந்த ஆயுதம் எப்படிப்பட்டது, யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

வளரி

இந்தச் சீமையின் பெயர் பெற்ற ஆயுதம் வளரி. பிறை போல வளைந்து, ஒரு முனை கனமாகவும் மறுமுனை மெலிந்தும் இருக்கும் எறி ஆயுதம். மரத்திலும் இரும்பிலும் செய்தார்கள். வெள்ளைக்காரர்கள் இதைக் "கள்ளர் தடி" என்று எழுதினார்கள். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி 1830-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது என்று சொல்கிறார். நூறு கஜ தூரத்துக்குள் குறி தப்பாதாம்!

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கள்ளர் திருமணங்களில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் வளரியை மாற்றிக் கொள்ளும் வழக்கம் இருந்ததாக 19-ஆம் நூற்றாண்டு மதுரை வரலாற்றை எழுதிய நெல்சன் போன்றோர் பதிவு செய்திருக்கிறார்கள். "இனி இந்த ஆயுதம் உன் மேல் பாயாது" என்று இரண்டு குடும்பங்கள் ஒன்றுக்கொன்று வாக்குக் கொடுப்பது போல அது இருக்கிறது. வளரி ஒளித்து வைக்கும் பொருள் அல்ல, ஊரறியக் கைமாறும் பொருள்.

நத்தம் கணவாய், 1755

அந்த ஆயுதம் எதற்காகப் பாய்ந்தது என்பதற்கு ஓர் உதாரணம் கொட்டாம்பட்டிக்கு மேற்கே நத்தம் கணவாயில் இருக்கிறது. 1755-ல் கர்னல் ஹெரானின் படை மதுரைக்கு அருகே கோவில்குடிக் கோயிலின் பித்தளைச் சிலைகளை எடுத்துச் சென்றது. திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் அந்தப் படையைத் தாக்கி, சிலைகளை மீட்டார்கள். ஹெரான் பிறகு ராணுவ விசாரணைக்கு உள்ளாகிப் பதவி இழந்தார். அங்கே பாய்ந்தது தனி ஆளின் கோபம் அல்ல. பறிபோன ஊர்ச் சொத்தை ஊரே சேர்ந்து மீட்டது.

காவல் என்ற ஒப்பந்தம்

சண்டை இல்லாத நாட்களில் குடும்பங்களைக் காத்தது காவல் முறை. ஊரளவில் இருந்தது தலக்காவல், பல ஊர்களைச் சேர்த்து இருந்தது திசைக்காவல். குடியானவர் விளைச்சலில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுப்பார். மாடு களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தரவேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இன்றைய இன்சூரன்ஸ் மாதிரிதான். கூலி பிரீமியம், ஈடு கிளெய்ம்!

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. நஷ்டம் காவல்காரர் தலையில் விழுவதால், சண்டை வளர்ந்தால் அவருக்கே செலவு. அதனால் கத்தியை எடுப்பதற்கு முன் பேச்சுதான் லாபம். துப்புக்கூலி கொடுத்து மாட்டை மீட்பது, அம்பலகாரர் முன் உட்கார்ந்து வழக்கை முடிப்பது என்று வழிகள் இருந்தன.

1801-க்குப் பிறகு

கொட்டாம்பட்டியிலிருந்து கிழக்கே சிங்கம்புணரியைத் தாண்டினால் திருப்பத்தூர். 1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் அங்கே தூக்கிலிடப்பட்டார்கள். தனக்கு வளரி கற்றுக் கொடுத்தவரை வேட்டையாடிய படையில் வெல்ஷும் இருந்தார்! அதே டிசம்பர் 1-ல் கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் வந்தது. தென்சீமைப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கத் தடை விதிக்கப்பட்டது. பிறகு 1878 ஆயுதச் சட்டம், இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கட்டாயம் என்றது.

ஆயுதம் போனது சரி, காவல்? 1816-ல் கிராமப் போலீஸ் ஒழுங்குமுறையும் 1859-ல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டமும் வந்தன. பழைய காவலுக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போயிற்று. ஆனாலும் அது மறைவில் தொடர்ந்தது. மறைவில் போனதும் கெட்டது. கூலி தராதவர் வீட்டில்தான் திருட்டு என்ற புகார்கள் பெருகி, 1896 வாக்கில் திண்டுக்கல் பகுதியில் குடியானவர்கள் காவல்காரர்களுக்கு எதிராகவே திரண்டார்கள்.

அரசு கண்டுபிடித்த மருந்து அதைவிடக் கொடியது. 1911 குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் முழுச் சமூகங்களையும் பிறவிக் குற்றவாளிகள் ஆக்கி, கைரேகை எடுத்தார்கள். அதை எதிர்த்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் போலீஸ் சுட்டதில் மாயக்காள் உள்ளிட்ட பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆனது. பதில் சொல்ல வேண்டாத ஆயுதம் அரசின் கையில் இருந்தாலும் ஆபத்துதான்.

இன்றைய சட்டம்

இப்போது துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். கூரிய ஆயுதங்களையும் அந்தச் சட்டம் ஆயுதம் என்றே சொல்கிறது. வீட்டுக்கோ விவசாயத்துக்கோ மட்டுமான கருவிகளுக்கு விலக்கு உண்டு. கதிர் அறுக்கும் அரிவாள் வேறு, வண்டி சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் அரிவாள் வேறு.

அப்படியானால் குடும்பத்தைக் காப்பாற்ற உரிமையே இல்லையா? உண்டு. 1860 இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலையும் காக்கலாம். ஆனால் இரண்டு கட்டுப்பாடுகள். போலீசை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் ஒரு அடி கூட அடிக்கக் கூடாது.

யோசித்துப் பார்த்தால் பழைய காவல் கணக்குக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. முதலில் பேச்சு, பிறகு ஊர், கடைசியில்தான் ஆயுதம். அடித்தவன் பதில் சொல்ல வேண்டும்.

இடுப்பில் மறைந்திருக்கும் கத்திக்கு இது எதுவும் கிடையாது. எதிரே நிற்பவனுக்கு அது தெரியாது, அதனால் அவனும் பின்வாங்க மாட்டான். வைத்திருப்பவனுக்கு மட்டும் தெரியும், அதனால் அவன் வாய் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசும். அந்த ஒரு வார்த்தையில்தான் ஒருவன் ஆஸ்பத்திரிக்கும் மற்றவன் ஜெயிலுக்கும் போகிறான். காப்பாற்ற வேண்டிய குடும்பம் இரண்டு வாசலிலும் காத்துக் கிடக்கிறது.

பாட்டன் வளரி வைத்திருந்தார் என்று பெருமைப்படலாம், தப்பில்லை. அதைச் சம்பந்தி கையிலும் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.