கல்லடைப்பும் நாணமும்: குர்துபாவிலிருந்து திண்டிவனம் வரை

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதுவோர் பீரங்கிகளையும் முற்றுகைகளையும் பற்றியே பெரிதும் எழுதியுள்ளனர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் முக்குன்றுகளையும் வளைத்து நிற்கும் அம்மதில்களை ஜுல்ஃபிகார் கான் எட்டாண்டுகள் முற்றுகையிட்டு 1698இல் கைப்பற்றிய செய்தியும், தேசிங்குராஜனுக்காகப் போரிட்டு உயிர்நீத்த அவனுடைய முஸ்லிம் தோழனின் கதையும் நம் மக்கள் நன்கறிந்தவை. ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கானின் பெயரால் 1717-18இல் எழுந்த பள்ளிவாசலும் அதன் பாரசீகக் கல்வெட்டும் இன்றும் கோட்டைக்குள் உள்ளன. மராட்டியர் படைத்தலங்களுள் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் செஞ்சி இடம்பெற்றபோது இவையெல்லாம் மீண்டும் பேசப்பட்டன. நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது வேறொரு கல்லைப் பற்றி. மனிதனின் சிறுநீர்ப் பையிலும் சிறுநீரகத்திலும் விளைந்து அவனைத் துடிக்கவைக்கும் கல் அது.

செஞ்சிக்கும் இக்கல்லுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவக்கூடும். 1649இல் செஞ்சி பீஜப்பூர் ஆதில்ஷாஹி சுல்தான்களின் ஆட்சிக்குள் வந்தது. 1677இல் சிவாஜி கைப்பற்றும் வரை அவர்களிடமே இருந்தது. அதே பீஜப்பூர் அரசவையில், அதற்கு ஒரு தலைமுறைக்கு முன், இரண்டாம் இப்ராஹீம் ஆதில்ஷாவின் காலத்தில் வாழ்ந்தவர் முஹம்மது காசிம் ஃபிரிஷ்தா. வரலாற்றாசிரியராகவே நாம் அறிந்துள்ள இவர் மருத்துவரும் ஆவார். இந்திய மருத்துவ முறைகளைப் பாரசீக மொழியில் தொகுத்து ‘தஸ்தூருல் அதிப்பா’ என்னும் நூலை அவர் இயற்றினார். முஸ்லிம் ஹகீம்கள் இந்நாட்டு வைத்தியத்தைக் கற்க வேண்டும் என்பது அவர் நோக்கம். தக்காணத்து ஆட்சியோடு தெற்கே வந்தது வாள் மட்டுமன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இந்தக் கொடுக்கல் வாங்கல் ஃபிரிஷ்தாவுக்கும் எண்ணூறு ஆண்டுகள் முற்பட்டது. அப்பாசியர் காலத்தில் பர்மகீ குலத்து அமைச்சர் யஹ்யா பின் காலிதின் ஆணைப்படி, மன்கா என்னும் இந்திய மருத்துவர் சுஸ்ருதரின் நூலை மொழிபெயர்க்க உதவினார் என்று இப்னு நதீம் பதிவு செய்துள்ளார். அறுவை மருத்துவத்தில் சுஸ்ருதரின் சிறப்பு தெரிந்ததே. சிறுநீர்ப் பைக் கல்லை எடுக்க, ஆசனவாய்க்கு முன்புறம் நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் ஒரு யவை அளவு விலகிக் கீற வேண்டும் என்று அவர் வரையறுத்தார். இச்சிகிச்சையில் நோயாளி இறக்க நேரலாம் என்பதால் முதலில் அரசனின் அனுமதி பெற வேண்டும் என்றும் அவர் எச்சரித்தார். அல்-ராஸீ (இறப்பு 925) தமது ‘அல்-ஹாவீ’யில் இவ்விந்திய நூலை எடுத்தாண்டுள்ளார். சிறுநீரகக் கல்லுக்கும் சிறுநீர்ப் பைக் கல்லுக்குமாகத் தனி நூலே எழுதிய அல்-ராஸீயின் அந்த அரபுப் பனுவல், பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் 1896இல் லெய்டனில் அச்சேறியது.

எனினும் கருவியைக் கையில் எடுத்து, அதைப் படமாக வரைந்தும் காட்டியவர் அல்-ஸஹ்ராவீ ஆவார். குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்து 1013ஐ ஒட்டி மறைந்த இவரின் ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ முப்பது பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி முழுவதும் அறுவை மருத்துவம். அதில் ஏறத்தாழ இருநூறு கருவிகளின் படங்கள் உள்ளன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரமோனாவைச் சார்ந்த ஜெரார்டு இதை இலத்தீனில் பெயர்த்த பின், ஐரோப்பிய அறுவையாளர் பல நூற்றாண்டுகள் இதை வழிகாட்டியாகக் கொண்டனர்.

சிறுநீர்த் தாரையில் கல் சிக்கிக்கொண்டால் என் செய்வது? அல்-ஸஹ்ராவீயின் விடை நுட்பமானது. கல் மீண்டும் பின்னோக்கி நழுவாதபடி அதற்கு அப்பால் நூலால் கட்ட வேண்டும். முக்கோண முனையுடைய எஃகுத் துளைக்கருவியை மெதுவாகச் செலுத்திக் கல்லைத் தொட்டதும், சிறிது சிறிதாகத் திருப்பித் துளையிட வேண்டும். பிறகு வெளியிலிருந்து விரலால் அழுத்தினால் கல் நொறுங்கும். துகள்கள் சிறுநீருடன் வெளியேறும். உடலைக் கீறாமல், இயற்கை வழியிலேயே கருவியை அனுப்பிக் கல்லை உடைக்கும் எண்ணம் இதில் தெளிவாகவே உள்ளது. அது இயலாதபோதே கத்தியை எடுக்கச் சொல்கிறார்.

இவ்விடத்தில் நம்மவர் சிலரின் வழக்கத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. இன்றைய கல்லுடைப்புச் சிகிச்சையை அல்-ஸஹ்ராவீயே கண்டுபிடித்துவிட்டார் என்று மேடைகளில் முழங்குகின்றனர். அவர் துளைத்தது தாரையில் சிக்கிய கல்லை. சிறுநீர்ப் பைக்குள் கிடந்த கல்லுக்கு அவரும் கீறியே சிகிச்சை செய்தார். கல் பெரிதாயின் குறடால் பிளந்து துண்டுகளாக எடுத்தார். கல்லைப் பிளக்கும் முறை அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே அலெக்சாந்திரியாவில் அம்மோனியஸ் என்பவரிடம் இருந்தது. அவருடைய பெருமைக்கு மிகைக்கூற்று தேவையில்லை. இவருக்கு முன்னிருந்தவர்களின் அறிவையெல்லாம் திரட்டி, தம் கை அனுபவத்தால் திருத்தி, பின்வருவோர் செய்துபார்க்கும்படி படத்துடன் எழுதியதே பெரும்பணி.

‘தஸ்ரீஃபி’ல் நம் மனத்தை அதிகம் தைப்பது பெண்களின் கல்லடைப்பைப் பற்றிய பகுதி. பெண்களுக்கு இந்நோய் அரிது. வந்தால் சிகிச்சை கடினம் என்கிறார் அல்-ஸஹ்ராவீ. நோயாளி கன்னியாக இருக்கலாம். கற்பொழுக்கமுள்ள பெண் ஆண் மருத்துவரிடம் தன் உடலைக் காட்ட இசையமாட்டாள். இக்கலையில் தேர்ந்த பெண் மருத்துவரோ கிடைப்பதில்லை. இவை அவர் தரும் காரணங்கள். திறமை வாய்ந்த பெண் மருத்துவர் கிடைத்தால் அவரையே நாட வேண்டும். இல்லையேல் ஓரளவு அறிந்த பெண்ணொருத்தியை உடன் வைத்துக்கொண்டு அவள் கையால் செய்விக்க வேண்டும் என்று வழியும் காட்டுகிறார். 1465இல் அனத்தோலியாவின் அமாசியா நகரில் ஷரஃபுத்தீன் சாபுன்ஜுஓக்லு இந்நூலைத் தழுவித் துருக்கி மொழியில் எழுதியபோது, வண்ண ஓவியங்களில் பெண் மருத்துவர் பெண் நோயாளிக்குச் சிகிச்சை செய்வதாகவே வரையச் செய்தார். நாணமும் சிகிச்சையும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்று அவர்கள் கருதினர்.

இனி செஞ்சிக்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள திண்டிவனத்துக்கு வருவோம். 1890களின் தொடக்கத்தில், அங்கே மிஷன் மருத்துவராயிருந்த ஜான் ஸ்கட்டரின் வீட்டுக் கதவை ஒரே இரவில் மூவர் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் இந்துவே. மூவரின் மனைவியரும் பேறுகாலத் துன்பத்தில் இருந்தனர். மூவரும் மருத்துவரின் மகள் ஐடாவை அழைத்தனர். மருத்துவம் கற்றவர் தாமல்லர், தம் தந்தையே என்று அவர் கூறியபோது, ஆண் மருத்துவரை அழைத்துச்செல்ல மூவரும் மறுத்துத் திரும்பினர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா ஸ்கட்டர் அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று 1900இல் திரும்பி வேலூரில் பணியைத் தொடங்கினார். 1918இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். அந்த முஸ்லிம் கணவரை நாம் எளிதில் பழித்துவிடலாம். ஆனால் அல்-ஸஹ்ராவீ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் சுட்டிய குறை அவருடைய ஊரில் தீராமலே இருந்தது. அக்குறையைத் தீர்க்க நம் சமுதாயத்தில் எவரும் முன்வரவில்லை என்பதே வேதனை தருவது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியே பின்னர் நாட்டின் தொடக்ககாலச் சிறுநீரியல் துறைகளுள் ஒன்றைக் கண்டது. 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையும் அங்கேதான் நிகழ்ந்தது.

ஐரோப்பாவில் நிகழ்ந்ததைச் சுருக்கமாகக் கூறலாம். 1824இல் பாரிஸில் ஜான் சிவியால், உடலைக் கீறாமல் தாரை வழியே கருவியைச் செலுத்திச் சிறுநீர்ப் பைக்குள்ளேயே கல்லை உடைத்துக் காட்டினார். அவர் திரட்டிய கணக்கில், கீறி எடுத்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர் இறந்தனர். அவர் முறையில் இரண்டு பேர் அளவே. எண்ணிக்கையை வைத்து மருத்துவ முறைகளை ஒப்பிடும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு தொடக்கம். 1870களின் இறுதியில் மாக்ஸ் நிட்சே உடலுக்குள் பார்க்கும் கண்ணாடிக் குழலை ஆக்கினார். 1954இல் ஹாப்கின்ஸுடன் இணைந்து ஒளியிழைக் கற்றை வழியே படத்தைக் கடத்திக் காட்டிய நரிந்தர் சிங் கபானி நம் நாட்டவர். வளைந்து செல்லும் உள்நோக்குக் கருவிகளுக்கு அதுவே அடிப்படை.

1976இல் சுவீடனில், முதுகில் சிறு துளையிட்டுச் சிறுநீரகக் கல்லை எடுக்கும் முறை வந்தது. 1980 பிப்ரவரியில் மியூனிக்கில் கிறிஸ்டியன் ஷாசி, உடலுக்கு வெளியிலிருந்தே அதிர்வலைகளை அனுப்பிக் கல்லைப் பொடியாக்கினார். விமானங்களைச் செய்த டோர்னியர் நிறுவனம், அதிவேகத்தில் மழைத்துளிகள் மோதுவதால் விமானத்துக்கு நேரும் சேதத்தை ஆராயும்போது கண்ட அதிர்வலைகளே இதற்கு வித்து. 1990களிலிருந்து ஹோல்மியம் லேசர் கதிர் வந்தது; அண்மையில் தூலியம் இழை லேசர், கல்லை மணலினும் நுண்ணிய தூளாக்குகிறது. குஜராத்தின் நடியாத் நகரிலுள்ள மூல்ஜிபாய் படேல் சிறுநீரியல் மருத்துவமனையின் மகேஷ் தேசாயும் உடனுழைத்தோரும் 2011இல் வெளியிட்ட முறையில், துளையின் அகலம் 1.6 மில்லிமீட்டர் மட்டுமே. முன்னர் அது எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் வரை இருந்தது.

நோயும் மாறியிருக்கிறது. குன்னூரில் ஆய்வு செய்த ராபர்ட் மக்காரிசன், கல்நோய் இந்தியாவின் வடமேற்கில் மிகுதியாகவும் சென்னை மாகாணத்தில் அரிதாகவும் இருந்ததைக் கண்டு, உணவே காரணம் என்று எலிகளைக் கொண்டு சோதித்தார். வைட்டமின் ஏ குறைந்த தானிய உணவு தின்ற எலிகளுக்குக் கல் விளைந்தது. பால் சேர்த்ததும் குறைந்தது. வறிய வீட்டுச் சிறுவரின் சிறுநீர்ப் பைக் கல் பின்னர் அருகிப்போயிற்று. இன்று நம் பகுதியில் பெருகியிருப்பது, வெயிலில் உழைத்தும் போதிய நீர் அருந்தாதும் வளர்ந்தோருக்கு வரும் சிறுநீரகக் கல். நாள்தோறும் இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்கு நீர் பருக வேண்டும் என்பர். ரமலானில் நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரை இதைப் பகிர்ந்து பருகலாம். கல்லால் அடைப்பு ஏற்பட்டுக் காய்ச்சலும் சேர்ந்தால் அது உடனடி அபாயம். அங்கே நோன்பைப் பற்றிய தயக்கத்துக்கு இடமில்லை. நோயாளிக்குச் சலுகை குர்ஆனின் தெளிவான ஏற்பாடு.

முதியவர்களின் நிலையோ வேறு. புரோஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் சொட்டும் நம் பெரியவர்கள் பலர், ஆடை அசுத்தமாகிவிடும் என்றஞ்சிப் பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்திவிடுகின்றனர்; வீட்டாரிடமும் சொல்வதில்லை. இந்த நாணத்தால் சிகிச்சையும் தள்ளிப்போகிறது. நம் ஃபிக்ஹு நூல்கள் இவர்களை மறக்கவில்லை. சலஸுல் பவ்ல் என்னும் இந்நிலையில் உள்ளவர் ஹனஃபீ மத்ஹபின்படி ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒருமுறை உளூச் செய்து, அந்நேரம் முடியும் வரை ஃபர்ளும் நஃபிலும் தொழலாம். ஒரு முழுத் தொழுகை நேரத்தை அச்சொட்டு ஆக்கிரமிப்பதே இச்சலுகைக்குரிய நிபந்தனை. ஷாஃபிஈ மத்ஹபின்படி நேரம் நுழைந்த பின் கழுவி, துணி கட்டி, உளூச் செய்து, தாமதியாமல் தொழ வேண்டும். ஓர் உளூவுக்கு ஒரு ஃபர்ளும் விரும்பிய அளவு நஃபிலும். ஆற்காட்டுப் பகுதியில் ஹனஃபீகளும் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் மிகுந்து வாழும் தமிழகத்தில், இவ்விரு சட்டங்களையும் ஜும்ஆ மேடையில் விளக்குவது கடினமான காரியமன்று. சிறுநீர்க் குழாயும் பையும் பொருத்தப்பட்ட நோயாளிக்கும் இதே அடிப்படையில் மார்க்க அறிஞர் சலுகை கூறுகின்றனர். வளையும் காஸாத்தீர் என்னும் குழாயைப் பற்றி இப்னு ஸீனாவே தமது ‘கானூனி’ல் எழுதியுள்ளார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

புரோஸ்டேட்டுக்கான அறுவையும் பெரும்பாலும் இன்று வயிற்றைக் கீறிச் செய்யப்படுவதில்லை. லேசரால் சுரப்பியைக் குடைந்தெடுக்கும் முறையை 1990களில் நியூசிலாந்தில் பீட்டர் கில்லிங் வளர்த்தார். தாரை வழியே சென்று சில நாட்களில் வீடு திரும்பச் செய்யும் சிகிச்சை அது. பெண் சிறுநீரியல் வல்லுநர்களோ நாடெங்கிலும் இன்னும் மிகக் குறைவு. நம் பெண் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிகளில் இடம்பெற்று வருகின்றனர். பட்ட மேற்படிப்பில் அவர்கள் பெரும்பாலும் மகப்பேறு மருத்துவத்தையே நாடுகின்றனர். சிறுநீரியலைத் தேர்வோர் விரலுக்கு எண்ணத்தக்கவரே.